பிரின்சிபாலும் நானே, தகப்பனும் நானே

அப்பாசியா, குவைத்
ஜூலை 2007

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கும் அக்காவுக்கும் மைத்துனன் ஞானசிகாமணி ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு ஏசி நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கு உங்கள் முழங்கால் வலி கிருபையால் குறைந்திருக்கும் என்று விசுவாசிக்கிறேன்.

மகள் ஜெமிமாளைப் பத்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது, காலேஜில் ஆயுசெல்லாம் பாடம் எடுத்த நீங்கள், "வேண்டாம்டே, பிள்ளை மேல படிக்க வேண்டியவ" என்று தடுத்தீர்கள். நான் கேட்கவில்லை. பயாலஜி புத்தகத்தில் குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனுஷனாகும் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஜெபக்குழுவுக்கு வந்த அமெரிக்கச் சகோதரர் ஒருவர் தன் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்று சாட்சி சொன்னார். அவ்வளவுதான், அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் இறங்கியது, எங்கள் ஹால் 'பெத்தேல் அகாடமி' ஆனது, ஃபஹாஹீலில் பைப் வேலைக்கு ஃபோர்மேனாக இருக்கும் நான் பிரின்சிபால் ஆனேன், வீட்டுக்காரி ரோஸ்லின் லேப் அசிஸ்டன்ட்.

டிசெக்‌ஷனுக்குத் தவளை கிடைக்காமல் ஹமூர் மீன் வாங்கி வந்தேன். ஜெமிமாள் படம் வரைந்து முடிக்குமுன் ரோஸ்லின் அதைக் குழம்பு வைத்துவிட்டாள். "செவுள் எங்கடி?" என்றால் "பூனை தின்னுட்டு" என்கிறாள். அதற்கு மேல் கால்குலஸ் வந்தது. ஐடிஐ படித்தவனுக்கு அது என்ன மொழி என்றே விளங்கவில்லை. முட்டிய இடத்திலெல்லாம் புத்தகத்தை மூடி, "ஜெபிப்போம்" என்றேன். பிள்ளை ஒருநாள் கண்ணைத் திறந்துகொண்டே, "டாடி, இது ப்ரேயர்ல சால்வ் ஆகாது. யாராவது டீச் பண்ணணும்" என்றாள். அவிசுவாசம் என்று கண்டித்து, நடத்தையில் மார்க் குறைத்தேன்.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்து, உங்களிடம் சொன்னால் திட்டுவீர்கள் என்று பயந்து, ஜெமிமாளையும் ரோஸ்லினையும் நேராகக் காலேஜ் ஆபீசுக்கே கூட்டிப்போனேன். மார்க் ஷீட், டி.சி., நன்னடத்தைச் சான்று எல்லாவற்றையும் நீட்டினேன். கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே கையெழுத்தா இருக்கே சார்?"

"நான்தான் பிரின்சிபால்."

"அப்போ பிள்ளைக்கு அப்பா யாரு?"

"அதுவும் நான்தான்."

"அப்படின்னா சீட்டையும் நீங்களே குடுத்துக்கிடுங்க சார்."

பின்னால் வரிசையே சிரித்தது. என் பிள்ளை படிப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன் அத்தான். அப்போது ஜெமிமாள் பையிலிருந்து வேறொரு மார்க் ஷீட்டை எடுத்தாள். ஓபன் ஸ்கூலில் பன்னிரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பில் பாஸ்!

"கொயர் பிராக்டிஸ்னு போனது எல்லாம் மாடி வீட்டு உமாராணி மேடம்கிட்ட மேத்ஸ் படிக்கத்தான் டாடி. சாரி. மம்மிக்குத் தெரியும்."

மம்மி வராந்தாவுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜையறை ஊதுபத்தி வாசம் வருகிறதென்று எந்த வீட்டுப் பக்கம் போகாதே என்றேனோ, அந்த வீட்டில் உட்கார்ந்துதான் என் மகள் கால்குலஸ் கற்றிருக்கிறாள். கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கிளார்க் மார்க் ஷீட்டை வாங்கி, "இதுல வேற ஆள் கையெழுத்து. செல்லும்" என்றார். ஃபிசிக்ஸ் சீட் கிடைத்துவிட்டது.

அகாடமி கலாஸ், இழுத்து மூடியாயிற்று அத்தான். புத்தகப் பெட்டிகள் மேல் டிவியைத் தூக்கி வைத்தாயிற்று. இனி எவன் கேட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புடா என்றுதான் சொல்வேன். ஹாஸ்டலில் இருக்கும் ஜெமிமாளை அக்கா அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் இருவரையும் கர்த்தர் குறைவில்லாமல் நடத்துவாராக.

பாசமுள்ள மைத்துனன்,
ஞானசிகாமணி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வெள்ளிக்கிழமை ஆராதனை வந்துவிட்டது. பாஸ்டர் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார். சபையார் முகத்தைப் பார்த்ததும் உமாராணி மேடம் பெயரை விழுங்கிவிட்டேன். வீட்டிலேயே படித்தாள், காலேஜ் சீட் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். ஒரே அல்லேலூயா. வாசலுக்கு வருமுன் நாலு குடும்பத்தார் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடியும் எங்கள் ஹாலில் வகுப்பு ஆரம்பம். கணக்குக்கு உமாராணி மேடத்தையே கேட்டுப் பார்க்க ரோஸ்லினை மாடிக்கு அனுப்பியிருக்கிறேன். சம்மதித்தால், சபைக்கு அவர் பெயர் சிஸ்டர் எஸ்தர்.