அச்சில் வந்தும் வராத சட்டம்

கமலம், சண்முகம், பாப்பா, மூன்று பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா ஒரு தடவை, இந்தத் தீவிலேயே இல்லாத ஒரு சட்டத்தை ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அமலுக்குக் கொண்டுவந்தவன். கவர்னருக்குக்கூட அது தெரியாது. காலை ஆறு மணிக்கு அமலுக்கு வந்த சட்டம் ஆறரை மணிக்கு ரத்தாகிவிட்டது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மற்றவர்கள் வாயிலிருந்து அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுசாக நானே எழுதி வைத்துவிடுகிறேன். (அவர்கள் சொல்வதில் நான் அழுதேன் என்று ஒரு பகுதி வரும். அது பொய். மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். பனிக்காலம்.)

அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை, பண்டாரவளையோடு நின்றுவிடும். எனக்கு இருபது வயது. பதுளைக் கடைவீதியில் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. ஐந்தாம் வகுப்புத் தேறியவன் நான். இதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை.

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து வராந்தாவில் ஓர் ஆணியில் கயிறு கட்டி அரசாங்க கெசட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒருநாள் பெரியப்பாவின் வேலையாகப் போய்க் காத்திருந்தபோது புரட்டிப் பார்த்தேன். தமிழிலும் சில பக்கங்கள் இருந்தன. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் நிற்பேன். ரோட்டுச் சட்டம், சாராயக் குத்தகைச் சட்டம் எதுவும் எனக்கு வேண்டாம். கல்யாணம், பிள்ளைப்பேறு, புருஷன், பெண்டாட்டி என்று எங்கே வருகிறதோ அதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயங்களுக்குப் போவேன். பெண்கள்தான் வாங்குகிறவர்கள். சீத்தைத் துணியை விரலால் கசக்கிப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்: "கல்யாணத்தைப் பதியணுமாமே தம்பி, பதியலேன்னா என்ன ஆகும்?" "புள்ள பொறந்ததை எத்தனை நாளைக்குள்ள சொல்லணும்?" முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது. கொப்பி எழுத ஆரம்பித்த பிறகு பதில் சொன்னேன். சொன்னது சரியாகவும் இருந்தது. கொஞ்ச நாளில் எனக்குக் 'கெசட்டுத் தம்பி' என்று பேராகிவிட்டது. (அந்தப் பேரைக் கேட்டால் எனக்கு அரை அடி உயரம் கூடும். பெரியப்பா மட்டும், "துணி வித்ததவிட சட்டம் வித்ததுதான் ஜாஸ்தி" என்பார்.)

ஹாலிஎலப் பக்கத்து லயம் ஒன்றில் செல்லாயி அக்கா என்று ஒருவர் இருந்தார். கொழுந்து எடுப்பதில் அந்த மலையிலேயே அவர் கைக்கு ஈடில்லை. அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. அவருடைய புருஷன் வேலு அண்ணன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாறிப் போனபோது, கங்காணி அவருக்குத் துண்டு கொடுத்தான், அக்காவுக்குக் கொடுக்கவில்லை. துண்டு என்பது, இந்த ஆளைத் தோட்டத்திலிருந்து விட்டாயிற்று என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் வெளியே போனால் கோர்ட்டு, மறியல் என்கிற ஜெயில். ஆக, புருஷன் அந்த மலையில், பெண்டாட்டி இந்த மலையில். இரண்டு வருஷம்.

ஒரு சனிக்கிழமை கெசட்டைப் புரட்டினால், இதே விஷயம். புருஷனை விட்டால் பெண்டாட்டியையும் விட வேண்டும், ஒருவருக்குத் துண்டு கொடுத்து மற்றவரைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அச்சில் போட்டிருந்தது. வரி விடாமல் எழுதிக்கொண்டேன். தலைப்பை மட்டும் விட்டுவிட்டேன். தலைப்பில் எப்போதும் கவர்னர் பேரும் நீட்டு நீட்டான வாசகமும் ஒரே மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்புத் தேறியவனுக்கு அதெல்லாம் எதற்கு?

மறுநாள் லயத்து வாசலில் வாசித்துக் காட்டினேன். செல்லாயி அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"நெசமாவா தம்பி? எழுத்துல இருக்கா?"

"அச்சிலேயே இருக்குக்கா. அரசாங்க முத்திரை போட்டிருக்கு."

"என்னைக்கிலேருந்து?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டார், பிள்ளைகளே. எழுத்து வாசனை இல்லாத மனுஷி. நான் ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது. நானோ கொஞ்சமும் யோசிக்காமல், "இப்பலேருந்துதான்" என்றேன்.

"அப்ப நீயே நாளைக்குக் காலையில பேர் வாசிக்கிற பெரட்டுக்கு வந்து தொரைகிட்ட படிச்சுக் காட்டு. நாங்க சொன்னா நாங்களா கட்டுன கதைம்பாங்க."

"அதுக்கென்ன, வர்றேன்."

"பாத்துக்க தம்பி. நான் இதுவரைக்கும் அந்தத் தொரை முன்னால வாயத் தொறந்ததில்ல. உன் பேச்ச நம்பித்தான் தொறக்கப்போறேன். எனக்கு மட்டுமில்ல, புருஷன் ஒரு எடம் நாங்க ஒரு எடம்னு இங்க ஆறு பேரு இருக்கோம்."

நான் பெரிய வக்கீல் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வக்கீல் என்றால் கோட்டு வேண்டாமா? எங்கள் கடை வாசலில் மெஷின் போட்டிருந்த, நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் தையற்காரர், யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டு ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தார். விடிவதற்கு முன்பே அதை எடுத்து, பனியன்மேல் போட்டுக்கொண்டு, ஹாலிஎல ரோட்டில் நடந்தேன். (திருட்டு இல்லை. இரவல். சொல்லாமல் வாங்கிய இரவல்.) கோட்டு இன்னும் பாதித் தையலில் இருக்கிறது, ஒரு கையை வெள்ளை நூலால் சும்மா ஓட்டித்தான் வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இருட்டில் எல்லாம் கறுப்பு.

பெரட்டுக் களத்தில் பனி. ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். துரை குதிரைமேல் இருந்தார். செல்லாயி அக்கா முதலில் வரிசையை விட்டு விலகி நின்றார். பின்னாலேயே மற்ற ஐந்து பேரும் கூடையை இறக்கிவிட்டு விலகி நின்றார்கள்.

துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "என்னா இது? ஏன் நிக்குது பொம்பளை?"

நான் முன்னே போனேன். கொப்பியை விரித்தேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது. "புருஷனை விடுவித்தால் மனைவியையும்" என்கிற இடத்தில், வேகத்துக்காக வலக்கையை மேலே தூக்கினேன். தோளில் டப்டப் என்று ஒரு சத்தம். கோட்டின் கை தோளைவிட்டுக் கழன்று சரிந்து, என் முகத்தை மூடிக்கொண்டது. சட்டத்தின் அடுத்த வரியைத் துணிக்குள் இருந்தபடியே படித்தேன். நிறுத்தத் தோன்றவில்லை.

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. குதிரைகூடக் காதை நிமிர்த்திப் பார்த்தது.

ஆபீஸ் படியிலிருந்து பெரிய கிளாக்கர் இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனுஷன். என் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார்.

"தம்பி, உது என்ரை கோட்டெல்லே?"

அவர் அதற்குமேல் கோட்டைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே போய் அதே கெசட்டை எடுத்துவந்து, நான் விட்டுவிட்ட தலைப்பில் விரலை வைத்தார்.

"இஞ்சை பாரும். சட்டநிரூபண சபையிலை வைக்கப்போகினம் எண்டு போட்டிருக்கு. இன்னும் வைக்கேல்லை. வைச்சாப் பிறகு பேசுவினம். பேசி முடிஞ்சாப் பிறகு கவர்னர் கையெழுத்து வைக்கவேணும். அதுக்குப் பிறகு ஒரு திகதி குறிக்கவேணும். நீர் எல்லாத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலை முடிச்சுப்போட்டீர்."

துரைக்கு அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆறு பொம்பளைக்கும் இன்னிக்கு அரைப்பேர்" என்றார். அரை நாள் சம்பளம் போச்சு என்று அர்த்தம். நான் பேசின பேச்சுக்கு, மலையேறிக் கொழுந்து எடுக்கிற ஆறு பேர் வயிற்றில் அடி. அந்த இடத்தில்தான் மூக்கு ஒழுகியது.

செல்லாயி அக்கா வரிசைக்குத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கிளாக்கரைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இப்ப இல்லேன்னீங்க. வரப்போறது நெசந்தானுங்களா?"

"வரலாம். வராமலும் விடலாம்."

"வந்தா, தம்பி படிச்ச மாதிரிதானுங்களே வரும்?"

கிளாக்கர் தாடியைத் தடவினார். "கிட்டத்தட்ட" என்றார்.

அக்கா துரை பக்கம் திரும்பினார். "தொரை, அரைப்பேர வெட்டிக்கிருங்க. அது வந்த அன்னைக்கு நாங்க ஆறு பேரும் இதே எடத்துல வந்து நிப்போம்." சத்தம் போடவில்லை. கூடையை எடுத்து நெற்றியில் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தார். துரை குதிரையைத் திருப்பினார்.

போகிற வழியில் அக்கா என்னிடம் ஒரு நிமிஷம் நின்றார்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பெல்லாம் பொறகு. நீ சனிக்கெழம சனிக்கெழம போய்ப் பாரு. இந்தத் தடவ மேல உள்ளதையும் சேத்துப் படி. வந்து சொல்லு." கிளாக்கர் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த தரம் சட்டையோட வா" என்றார்.

பனியனோடு பதுளை வரை நடந்தேன். பெரியப்பா கடை வாசலில் நின்று பார்த்தார். "வாங்க வக்கீலய்யா. கேஸ் செயிச்சதா, சட்டையை மட்டும் தோத்தீங்களா?" கடைவீதி முழுக்கச் சிரித்தது. தையற்கார நானா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

ஆனால் சனிக்கிழமை கச்சேரி வராந்தாவில் நின்றேன். அடுத்த சனிக்கிழமையும். சபையில் வைத்தார்கள் என்று ஒருநாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். ஒரு கமிட்டியிடம் கொடுத்தார்கள் என்று வந்தது. சொன்னேன். பிறகு எட்டு ஒன்பது வாரம் பேச்சு மூச்சே இல்லை. என்னவோ நானே அதைத் தொலைத்துவிட்ட மாதிரித் தலைகுனிந்து போய் நின்றேன். "இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வந்தியே, அதுவே போதும்" என்று பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஒரு குவளை கொடுத்தார் அக்கா. அந்த லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பது அத்துப்படியாகிவிட்டது. துணி விலையைப் பேசுகிற மாதிரி, "சபையில இன்னும் எத்தனை வாசிப்பு பாக்கி?" என்பார்கள். பதுளையில் கோட்டுப் போட்ட பல பேருக்கு அது தெரியாது.

ஒரு சனிக்கிழமை அது வந்தது. தலைப்பை நாலு தடவை படித்து, இந்தத் தடவை அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். நம்பர் இருந்தது. கவர்னர் கையெழுத்து இருந்தது. அமலுக்கு வரும் தேதி இருந்தது. அந்தத் தேதி தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்து, தாண்டிய மறுநாள் போனேன். சட்டையோடு.

அக்கா நான் சொல்வதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. குறுக்கு விசாரணை செய்தார். "சபையில முடிஞ்சிருச்சா? கவர்னர் கையெழுத்து ஆயிருச்சா? தேதி போட்டிருக்கா? அந்தத் தேதி தாண்டிருச்சா?" நாலுக்கும் ஆமாம் என்ற பிறகுதான் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் பெரட்டில் ஆறு பேரும் அதே இடத்தில் போய் நின்றார்கள். நான் வாசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அக்கா மனப்பாடமாகச் சொன்னார். கங்காணி முணுமுணுத்தான். கிளாக்கர் ஆபீஸிலிருந்து ஆறு துண்டுகளை எழுதிக் கொண்டுவந்தார், அந்தக் கோட்டோடு, இரண்டு கையும் இருந்தது. என்னைப் பார்த்து, "தம்பி இந்தமுறை வாசிச்சுப்போட்டு வந்திருக்கிறீர்" என்றார். ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வேலு அண்ணன் வந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அக்கா முன்னால் நடந்தார். வளைவில் திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார், தோளிலிருந்து ஒன்றைக் கழற்றி எறிகிற மாதிரி. அந்தத் தூரத்திலும் சிரிப்பது தெரிந்தது.

உங்கள் அம்மா கல்யாணமாகி வந்த முதல் மாசமே லயத்துப் பெண்கள் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் நான் கடையைப் பெரிசாக்கப் போகிறேன் என்றாலும், சண்முகம் முதல் மார்க் வாங்கப் போகிறேன் என்றாலும், அடுப்படியிலிருந்து "கவர்னர் கையெழுத்து ஆயிருச்சா?" என்று குரல் வருகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கமலம், நாளைக்கு உனக்கு யாராவது சட்டம் என்று எதையாவது நீட்டினால், செல்லாயி அக்கா கேட்ட நாலு கேள்வியையும் கேள். அப்பா வாங்கி வைத்த சொத்து அதுதான்.

யாருக்கும் சொல்லாத ஒன்று உண்டு. அன்று அவர்கள் போன பிறகு நான் பதுளைக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். ரோட்டில் யாரும் இல்லை, இரண்டு பக்கமும் தேயிலை. ஓரத்துக் கல் ஒன்றின்மேல் ஏறி நின்றேன். கொப்பியைப் பிரித்து, அந்தச் சட்டத்தைத் தலைப்பிலிருந்து தொடங்கி, கவர்னரின் நீளமான பட்டங்கள் ஒன்றையும் விடாமல், கடைசியில் அச்சிட்டவர் பேர் வரைக்கும், உரக்கப் படித்து முடித்தேன். பிறகு இறங்கி நடந்தேன்.