மந்திரிக்கு வந்த என் வயிற்றுவலி

அன்பிலும் மரியாதையிலும் என்றும் குறை வைக்காத மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அரசுத் தரப்பு வக்கீலுக்கே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் அத்தை சௌக்கியம். நான் இல்லை.

குடலிறக்க ஆபரேஷனுக்காக நான் இங்கே வந்து படுத்தது உங்களுக்குத் தெரியும். அது இன்னும் நடக்கவில்லை என்பதும் தெரியும். ஏன் நடக்கவில்லை என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் அதற்குக் காரணமே நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டாத பாலத்துக்கு ரிப்பன் வெட்டினாரே அந்த மந்திரி, அவரை நீங்கள் கோர்ட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. வலித்ததும் நேரே இங்கேதான் வருகிறார். அவர் வந்தால் பாதுகாப்பு என்று சொல்லி இந்த மாடியையே காலி பண்ணுகிறார்கள், ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டுகிறார்கள், கட்டிலில் கிடக்கிற என்னைத் தள்ளுவண்டியோடு வராந்தாவில் கொண்டுவந்து விடுகிறார்கள். வாய்தா கிடைத்ததும் அவருக்கு வலி போய்விடுகிறது, கையை ஆட்டிக்கொண்டே காரில் ஏறிவிடுகிறார். அப்புறம் என்னைத் திரும்பவும் கட்டிலில் போட்டு, பட்டினி போட்டு, வயிற்றைச் சிரைத்து, காலையில் தியேட்டர் என்று சொல்லி முடிக்கும்போது, மாப்பிள்ளை, நீங்கள் மறுபடியும் அவரைக் கூப்பிட்டுவிடுகிறீர்கள்!

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். ஒரு வண்டியைக் கொஞ்சம் தாமதமாக விட்டதற்கே என்னிடம் விளக்கம் கேட்டார்கள். பயணி ஓடி வருகிறான், பாவம், கொஞ்சம் நிற்கட்டும் என்றெல்லாம் நாங்கள் பார்த்ததில்லை, விசில் அடித்தால் வண்டி கிளம்பியாக வேண்டும். உங்கள் கோர்ட்டில் என்னடாவென்றால், வண்டி நிற்கிறது, டிரைவர் இருக்கிறார், கண்டக்டர் இருக்கிறார், ஊர் ஜனமே உள்ளே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறது, ஒரே ஒரு பயணி வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று வண்டியை வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதை எந்த டிப்போவில் ஒத்துக்கொள்வார்கள்?

சரி, அதைச் சொல்ல இதை எழுதவில்லை. போன வாரம் நடந்த கூத்தைக் கேளுங்கள். நான் வழக்கம்போல வராந்தாவில் தள்ளுவண்டியில் கிடந்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகி மூச்சிரைக்க ஓடிவந்தார். இத்தனை நாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, வாங்க, உங்களுக்கு ஏசி ரூம் போட்டாச்சு.”

“ஆபரேஷன் இன்னைக்கா சார்?”

“அதுக்குத்தான் பெரிய டாக்டருங்க பார்க்க வர்றாங்க. எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. பேரு ஊரெல்லாம் கேட்டா கண்ணை மூடிக்கோங்க.”

எனக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. உள்ளே மெத்தை என்ன, பூங்கொத்து என்ன! மூக்கு வரை போர்த்திவிட்டு, அதற்கு மேல் ஆக்சிஜன் முகமூடியையும் மாட்டினார்கள். டாக்டர்கள் வந்து வயிற்றை அமுக்கினார்கள். நான் போட்ட சத்தத்தில் பூங்கொத்து கீழே விழுந்தது.

“எழுந்து நிக்க முடியுமா?” என்று ஒருவர் கேட்டார்.

“நிக்கிறதாவது! இருமினாலே உசுரு போவுது டாக்டர்.”

“கூண்டுல கொஞ்ச நேரம்?”

இது என்ன கேள்வி, வைத்தியத்தில் இப்படியும் ஒரு சோதனை இருக்கும்போல என்று நினைத்து, முடியவே முடியாது என்று தலையை ஆட்டினேன். அந்த டாக்டர் என் தோளைத் தட்டி, “இந்த நெலமையில இவரைப் போய் அலைய விடுறாங்களே” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மாப்பிள்ளை. இந்த ஆஸ்பத்திரியில் என் வலியை வலி என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அவர்கள் போன கையோடு என்னை மறுபடியும் வராந்தாவில் தள்ளிவிட்டார்கள். அந்த நேரத்தில் மொட்டைமாடியில் கட்சிக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த மந்திரி, படியிறங்கி வந்து தன் மெத்தையில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் உங்கள் அத்தை பேப்பர் படித்தாள். “ஏங்க, மந்திரிக்கும் உங்களை மாதிரியே இடது பக்கந்தானாம். அவருக்கும் இருமினா உசுரு போவுதாம்.” பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். கோர்ட் அனுப்பிய மருத்துவக் குழுவாம் அது! நெஞ்சுவலி என்று வந்தவருக்கு வயிற்றிலும் பெரிய கோளாறு என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். வலியில் துடிப்பவரைச் சட்டம் வதைக்காது என்று நீதிபதி உருகியிருக்கிறார். எனக்கு வரவேண்டிய இரக்கம் மொத்தமும் அந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. கீழே உங்கள் வாதம் போட்டிருந்தது. “இது சுத்த நாடகம், அந்த வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது, நோயாளி நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நடிக்கிறார்.” மாப்பிள்ளை, அது என் வயிறு! சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று உங்கள் அத்தையைக் கேளுங்கள்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அடுத்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். தள்ளுவண்டியோடு வருகிறேன். நீதிபதிக்கு எதிரிலேயே சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன், அந்த டாக்டர்களே வந்து அமுக்கிப் பார்க்கட்டும், இதே சத்தம் வருகிறதா இல்லையா என்று சொல்லட்டும். “பெரிய எடம், நமக்கு எதுக்குங்க?” என்று உங்கள் அத்தை அழுகிறாள். நாமெல்லாம் இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போவதால்தான் அவர்கள் மெத்தையிலும் நாம் வராந்தாவிலும் கிடக்கிறோம் என்று அவளைச் சத்தம் போட்டேன். உயிரே போனாலும் இதில் பின்வாங்க மாட்டேன். ஒரு மந்திரியாவது கம்பிக்குப் பின்னால் போவதை இந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாக்குக்கு வலிமையும், என் மகளுக்குப் பொறுமையும், உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் கிடைக்க மனதார வாழ்த்துகிறேன். அத்தை தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
பின்வாங்காத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிர்வாகி வந்துவிட்டார். நாளைக் காலையில் நடக்கிற முதல் ஆபரேஷனே எனக்குத்தானாம். பெரிய சர்ஜனே செய்கிறாராம். என்ன திடீர் கரிசனம் என்று கேட்டேன். “கோர்ட்டுல நோய்னு சொல்லியாச்சு, ஆபரேஷன் நடந்தாகணும் ஐயா. அவருக்குக் கத்தின்னா பயம். வயிறு உங்களோடது, பேரு மட்டும் அவரோடதா இருக்கட்டுமே” என்றார். வலி எனக்குப் போகும், மூன்று மாத ஓய்வு மந்திரிக்குக் கிடைக்கும். மாட்டேன் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது, கொஞ்ச நேரம் எனக்கு நீதி, நியாயம், நீங்கள், யாருமே ஞாபகத்தில் இல்லை. அது விட்டபோது என் மணிக்கட்டில் மந்திரி பேர் எழுதிய பட்டையைக் கட்டிவிட்டிருந்தார்கள். அவிழ்த்து எறியவில்லை மாப்பிள்ளை. தாங்க முடியவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். இதைத் தபாலில் போடாமல் இன்றைக்கே ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன், நாளைச் சாயங்காலச் செய்தியை மட்டும் தவறாமல் கேளுங்கள். மந்திரி கண் விழித்துவிட்டார் என்று சொன்னால், அப்பா பிழைத்துக்கொண்டார் என்று என் மகளிடம் சொல்லிவிடுங்கள்.