மூணு வருசம் இளையவர்

ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் தன் வயதோடு இத்தனை காலம் வழக்காடிய இன்னொரு மனிதரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு, மறைக்கிறவர்கள் உண்டு. பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் மூன்றாவது வீட்டுக்காரர், வயது கேட்டால் அடையாள அட்டையையே எடுத்து நீட்டுவார். நீட்டிவிட்டு, "இதுல மூணு வருசம் கழிச்சிக்கங்க" என்பார். அதனால் அவருக்குப் பெயரே ‘மூணு வருசம்’ என்றாகிவிட்டது. நிஜப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்குக்கூடத் தெரியாது.

அந்த நிஜப் பெயரில்தான் வில்லங்கமே. அவர் சொல்கிற கதை இதுதான். அவருக்கு முன் பிறந்த ஆண் குழந்தை ஒன்று காய்ச்சலில் தவறிப்போனது. மூன்று வருடம் கழித்து இவர் பிறந்ததும் அதே பெயரை இவருக்கு வைத்தார்கள். பிறப்பைப் பதிய டவுனுக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும். பெட்டியில்தான் ஒரு சான்றிதழ் சும்மா கிடக்கிறதே என்று அப்பா அதையே இவருக்கும் ஆக்கிவிட்டார். பெயரோடு சேர்ந்து அண்ணன் வயதும் வந்து ஒட்டிக்கொண்டது. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். முந்திய பக்கம் நன்றாக இருக்கிறது, பிந்திய பக்கமும் நன்றாக இருக்கிறது, இவருடைய பக்கத்தை மட்டும் கறையான் தின்றுவிட்டது.

லயத்துப் பிள்ளைகள் எங்களுக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. அட்டைப்படி அத்தை அவரைவிட இரண்டு வயது சின்னவர். இவர் கணக்கில் ஒரு வயது பெரியவர். சண்டை முற்றினால் மாமா கையைக் கட்டிக்கொண்டு பணிவாக "சரிங்கக்கா" என்பார். அத்தைக்கு அது ஒன்றைத்தான் தாங்க முடியாது. தன் கண்முன் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று லயத்துக்கே உத்தரவு போட்டிருந்தார். கழிக்கிற கணக்கை நாங்களும் நம்பியதில்லை. சிரிக்க ஒரு விஷயம் என்று வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

அட்டையில் அறுபது நெருங்கியபோதுதான் சிரிப்பு நின்றது. தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுவதில் அவரை அடிக்க அந்த மலையில் ஆளில்லை. அறுபது ஆனதும் வேலைப் பதிவில் பேர் வெட்டப்படும் என்று தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் சொல்லி அனுப்பிவிட்டார். மாமா மன்றாடிப் பார்த்தார். உன் பேச்சைக் கேட்பதா, அரசாங்க அட்டையைக் கேட்பதா என்றார் கிளாக்கர். "கத்திய வச்சிட்டா அப்புறம் நான் யாரு தம்பி?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

நான் அப்போது பதுளையில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார்.

"சாப்பிடாமத்தான் வந்திருக்கேன் தம்பி. என் நுனிய அளந்து குடுங்க."

சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். விசாரித்தால், ரேடியோவில் யாரோ டாக்டர் டெலோமியர் பற்றிப் பேசியிருக்கிறார். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற மரபு இழைகளுக்கு நுனியில் ஒரு காப்பு உண்டு. செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அந்த நுனி கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் அந்தச் செல் மேற்கொண்டு பிரியாது. நான் இதை விளக்கத் திணறிக்கொண்டிருந்தபோது மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஒவ்வொரு கவ்வாத்துக்கும் செடிக்குள் ஏதோ ஒன்று குறைகிறது, கடைசியில் ஒரு தடவை வெட்டினால் துளிர்க்காது, அதுதானே என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

நுனியை அளந்தால் நிஜ வயது தெரிந்துவிடும், அந்தத் தாளைக் கிளாக்கர் மேசையில் வைக்கலாம். இதுதான் அவர் திட்டம். எங்கள் இடத்தில் அந்தப் பரிசோதனை கிடையாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஒரு வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க மனசு கனத்தது. ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேருக்கு நுனி ஒரே அளவில் இருக்காது. அதை வைத்து யாருக்கும் பிறந்த வருடம் சொல்ல முடியாது. கஷ்டத்திலும் புகையிலும் ஓயாத கவலையிலும் வாழ்ந்தவர்களுக்கு அது இன்னும் குட்டையாக இருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த வாரமும் அவர் சாப்பிடாமலே வந்தார். மறைக்காமல் சொன்னேன்.

"அதத் திரும்ப வளக்க மருந்து இல்லியா?"

வளர்க்கிற நொதி ஒன்று உடம்பிலேயே இருக்கிறது, ஆனால் புற்றுநோய்ச் செல்கள்தான் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன என்றேன். "நல்லதுக்கு வராதது அதுக்கு மட்டும் வருதா" என்று சிரித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப என்னய அளந்தா வயசு கொறஞ்சி வராதா?"

"யாராலயும் சொல்ல முடியாது மாமா. கூடினாலும் கூடும். நாப்பது வருசம் மழையில நின்ன ஒடம்பு. வீட்டுக்குள்ள வேற அடுப்புப் பொக."

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, அதிலிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கார்டு பொய் சொல்லல தம்பி. கார்டுல உள்ள வயசுக்கு ஒடம்பு ஓடி வந்து சேந்துக்கிச்சி."

இனி சாப்பிடலாமா என்று கேட்டார். பக்கத்துக் கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

பேர் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பின்னால் நின்று எல்லோர் பேரும் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் அறுபது தாண்டியவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள். இவர் மட்டும், "மூணு வருசம் கழிச்சி வாங்கிக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உடம்பு தோற்றாலும் மனிதர் தோற்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு அத்தனை சந்தோஷம்.

அடுத்த வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரல் இறுகிச் சுருங்கிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். அந்த மாதிரி நோய் சிலருக்கு வர இந்த நுனி குட்டையாவதும் ஒரு காரணம் என்று படித்திருக்கிறேன். இவருக்கு அதுதானா என்று யாரும் அளக்கவில்லை. என்னால் பார்க்க முடிந்தது சர்க்கரை ஒன்றுதான். அது மிக நன்றாக இருந்தது.

அட்டைப்படி அறுபத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். அவர் கணக்குப்படி பென்ஷன் வயதுக்கு முன்னாலேயே, வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார்.

அடக்கத்துக்கு வந்த பாஸ்டர் புதியவர். சாரல் மழையில் குடைக்குக் கீழே தாளைப் பிடித்துக்கொண்டு, "அறுபத்திரண்டாவது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் சகோதரர்" என்று ஆரம்பித்தார். அதுவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்தார்.

"அம்பத்தொம்பதுங்க ஐயா. என்னவிட ஒரு வயசு சின்னவரு."

பாஸ்டர் தாளைப் பார்த்தார். பின்னால் நின்ற கவ்வாத்துக்காரர் ஒருவர் "ஆமாங்க, அம்பத்தொம்பது" என்றார். பிறகு இன்னொருவர் சொன்னார், நான் சொன்னேன், லயமே சொன்னது. பெரிய கிளாக்கரும் தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார். பாஸ்டர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஐம்பத்தொன்பது என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நாங்கள் எல்லோரும் அதை அவர் காதில் விழுகிற காலத்திலேயே சொல்லியிருக்கலாம்.