காரிலேயே சாப்பிட்டுவிட்டோம்

ஒரு விருந்தை நான் கொன்றிருக்கிறேன். அதுவும் புளியோதரையால்.

ஃபிரிஸ்கோவில் எங்கள் அடுத்த வீட்டு எலிஃப், துருக்கிக்காரி. என் மனைவி சுதாவின் வாக்கிங் தோழி. க்ரீன் கார்டு இழுத்துக்கொண்டே போக, ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் ஆறு வருஷமாக அவள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை. நாங்கள் இஸ்தான்புல் வழியாகச் சென்னை போகிறோம் என்று தெரிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "எங்கம்மாகூட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்க. நான் வீடியோவில பார்த்துக்கறேன்."

"அதுக்கென்ன, கண்டிப்பா!" என்றேன். (நரம்பில்லாத நாக்கு.)

கோதுமை வயல்களும், சாலையை மறிக்கும் செம்மறி ஆடுகளும், குன்றின் மேல் ஒரு கோட்டையுமாகச் சின்ன ஊர், எலிஃப் அம்மாவுடையது. பயணத்துக்கு எக்செல் ஷீட் போட்டவன் நான். 'எலிஃப் அம்மா: அரை மணி. கோட்டை: இரண்டு மணி.' இந்த அழகில் நான் ப்ராஜெக்ட் மேனேஜர் வேறு.

நாங்கள் சைவம். துருக்கிச் சாப்பாட்டில் எனக்குத் தெரிந்தது கபாப் மட்டும். அதனால் காலையில் ஓட்டல் அறையிலேயே ரைஸ் குக்கரில் சாதம் வைத்து, ஃபிரிஸ்கோவிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கலந்து டப்பாவில் அடைத்துக்கொண்டேன். ஊர் எல்லையில் காரை நிறுத்தினேன்.

"அங்க சாப்பிடத்தானே போறோம்?" என்றாள் சுதா.

"ஆட்டை வச்சுட்டா என்ன பண்ணுவே? சேஃப்டிக்கு ரெண்டு வாய் போட்டுக்கோ."

ரெண்டு வாய், டப்பா காலியாகும்வரை நீண்டது.

எலிஃபின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மேஜை முழுக்கத் தட்டுகள். ஓரத்தில் சாய்த்து வைத்த ஃபோனில் எலிஃப். அங்கே விடிகாலை ஐந்து மணி. தலை வாரி, நல்ல சட்டை போட்டு, தன் முன்னாலும் ஒரு தட்டு வைத்திருந்தாள்.

"அம்மா மூணு நாளா சமைக்கிறாங்க. எல்லாமே சைவம். கறி பட்ட பாத்திரம் உங்களுக்கு ஆகாதுன்னு புதுசா வாங்கினாங்க," என்றாள்.

எனக்கு வயிற்றில் ஓர் இலைகூட நுழைய இடமில்லை. "டீ மட்டும் போதும்," என்றேன்.

பத்து வயது மகள் அனுவுக்குப் பொய் சொல்ல வராது. "வி ஜஸ்ட் ஏட் இன் த கார்!"

எலிஃப் அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. வேறு ஏதோ சொன்னாள். அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார். எலிஃப் தன் தட்டை மெல்லத் தள்ளி வைத்ததை நான் பார்த்தேன்.

கிளம்பும்போது கார்வரை வந்தவர் கண்ணில் பட்டது, மஞ்சளும் எண்ணெயும் ஒட்டிய அந்தக் காலி டப்பா. மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. எடுத்துப்போய்க் கழுவி, திராட்சை இலையில் சோறு பொதிந்த சுருள்களை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோட்டை பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அதைத் தின்றோம். அவ்வளவு ருசி. சுதா அழுதுகொண்டே தின்றாள். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எலிஃபின் அம்மா இறந்துபோனார். எலிஃபால் அதற்கும் போக முடியவில்லை.

இப்போதும் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் இறங்குவதற்கு முன் அனு கேட்பாள், "அப்பா, டிட் யு ஈட் இன் த கார்?" நண்பர்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். சுதா சிரிப்பதில்லை.

போன மாதம் எலிஃபுக்கு க்ரீன் கார்டு வந்தது. வாழ்த்துச் சொல்லப் போனோம். வேண்டுமென்றே நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே ஏதோ வதங்கும் வாசனை.

எலிஃப் சிரித்த முகத்தோடு வந்தாள். "உங்களுக்கு டீ மட்டும் போதும், இல்லையா?" என்றாள்.