கராஜ் வாசலில் தலையில்லாக் கழுகு

லண்டனில எத்தினை லட்சம் சனம் இருந்தாலும், என்ர தலையைக் குனிய வைக்கிறதுக்கெண்டே பிறந்தவர் எங்கட கழுகார் ஒருத்தர்தான்.

ஆள் பாக்தாத்துக்காரர். சிலை செய்யிறவர். ஹரோவில எங்கட வீட்டுக் கராஜை வாடகைக்கு எடுத்து, தன்ர நாட்டுச் சின்னமான கழுகை ஆளுயரத்துக்கு இரும்புத் தகட்டில செய்தார். இறகு இருக்கவேண்டிய இடமெல்லாம், பள்ளிவாசல் சன்னல்மாதிரி எட்டு மூலை நட்சத்திரம் வெட்டினார். தலை மட்டும் வைக்கேல்லை. ஒரு நட்சத்திரம் கோணினாலும் முழுச் செட்டையையும் கழட்டி எறிஞ்சுபோட்டு விம்மி அழுவார். உறைபனி விழுந்த ஒருநாள் விடிய, தெருவில நிண்ட கார்க் கண்ணாடிப் பனி எல்லாத்திலயும் விரலால நட்சத்திரம் கீறி வைச்சார். சனம் என்ர கதவைத்தான் வந்து தட்டிச்சுது.

இப்பிடியிருக்க, என்ர கடைசி மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தினம். வயசேறிப்போய்க் கூடிவந்த சம்பந்தம், குழம்பினால் இனி இல்லை. அண்டைக்கெண்டு பார்த்துக் கழுகு வாசலில நிக்குது.

"தம்பி, இண்டைக்கு மட்டும் உள்ளுக்கு எடுங்கோவன்!"

"ஏலாது அம்மா. வெயில் அதுக்குள்ளால விழுறதைப் பார்க்க வேணும்."

அவருக்கு இங்கிலிஷ் அரைவாசி, எனக்குக் கால்வாசி. வாதாட ஏலுமே? அவர் அங்காலை திரும்ப, என்ர சிவப்புப் பட்டுச் சீலையால கழுகை மூடிப்போட்டன்.

மாப்பிள்ளையின்ர தாய் காரால இறங்கினதும் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கும்பிட்டா. "வாசலிலயே அம்மனோ! நல்ல பக்தியான குடும்பம்."

"ஓம்," எண்டன்.

கழுகார் ஓடிவந்து சீலையை உருவினார். "என்ர கழுகு!"

அந்த மனுசி போட்ட சத்தத்தில மகள் குசினிக்குள்ள ஒளிச்சிட்டாள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லதெண்டு இருந்தது.

"தலை எங்க?" எண்டார் மாப்பிள்ளையின்ர தகப்பன்.

"எந்தப் பக்கம் பார்க்க வைக்கிறது? பாக்தாத்தையோ, ஹரோவையோ? எனக்கே தெரியேல்லை," எண்டார் கழுகார். "உங்கட நாட்டுக்கு என்ன சின்னம்?"

இலங்கைக் கொடியில இருக்கிற சிங்கம் எண்டு சொல்ல மனம் வரேல்லை. வரி போட்ட மற்ற மிருகத்தின்ர பேரைச் சொல்லப் பயம். இவ்வளவு வயசுபோன நாங்கள், ஒரு சின்னக் கேள்விக்கு மறுமொழி இல்லாமல் காலடியைப் பார்த்துக்கொண்டு நிண்டம். சீலை விழுந்ததைவிட அதுதான் பெரிய வெட்கம்.

கடைசியில மாப்பிள்ளையின்ர தகப்பன் சீலையை எடுத்து, மண் தட்டி, மடிச்சு என்ர கையில தந்தார்.

"அக்கா, எங்கட வீட்டுக்கும் இப்பிடித் தலையில்லாமல் ஒண்டு செய்து தருவாரோ? கேட்டுப் பாருங்கோ."

தேத்தண்ணி ஆறமுதல் சம்பந்தம் சரிவந்தது.

கழுகாருக்குக் கலியாண அழைப்புச் சொல்லப் போகேக்க மகள் கேட்டாள், "அம்மா, மண்டபத்திலயும் வந்து மானத்தை வாங்கினால்?"

"வாங்கட்டும் பிள்ளை," எண்டன். "அவர் வராட்டித்தான் எனக்கு வெட்கம்."