பூட்டண்ணன் கட்டிய பொட்டலம்

மனிதர்களில் பூட்டுப் பிறவி என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏசி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார். வீட்டு வைஃபை கடவுச்சொல்லைச் சொந்த மாமனாரிடம்கூடச் சொல்லாமல், அவர் ஃபோனைப் பிடுங்கி, திரையைக் கையால் மறைத்துத் தானே தட்டிக் கொடுப்பார். கேட்டால், "பாதுகாப்புங்க!" யாரிடமிருந்து யாருக்கு? அதை மட்டும் கேட்கக் கூடாது.

அந்த இனத்தின் தலைமகன் நம் பூட்டண்ணன். பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினி அறையில் வேலை. மென்பொருளின் புதிய பதிப்பைப் பொட்டலமாகக் கட்டி ஒவ்வொரு பிரிவுக்கும் அனுப்புவது அவர் பொறுப்பு. உள்ளே போகும் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதியும் பொட்டலத்தோடு போகும். தனியாக எதுவும் சொல்லாவிட்டால், கட்டுகிறவரின் கணினியில் என்ன வழக்கமோ அதுவே ஒட்டிக்கொள்ளும். அண்ணன் கணினியில் என்ன வழக்கம்? அண்ணனைத் தவிர ஈ காக்கை நுழையக் கூடாது.

ஒருநாள் காலை, அனுமதி பற்றித் தனியாக எதுவும் சொல்லாமலே ரத்த வங்கிக்கு ஒரு பொட்டலம் கட்டினார். தன் கணினியிலேயே பிரித்துப் பார்த்தார். அழகாகத் திறந்தது. சாவிக்காரனுக்கு எந்தக் கதவுதான் திறக்காது? அனுப்பிவிட்டு டீயை உறிஞ்சும்போது தொலைபேசி அலறியது.

"சார், ரத்த வங்கி நர்ஸ் பேசறேன். எந்த ரத்தப் பை பொருந்தும்னு பாக்கணும். 'அனுமதி இல்லை'ங்குது. ஆபரேஷன் டேபிள்ல ஒரு அம்மா இருக்காங்க!"

"எனக்குத் திறக்குதேம்மா!"

"அப்ப நீங்களே வந்து ரத்தம் ஏத்துங்க!"

அண்ணன் டீயை வைத்துவிட்டு விசைப்பலகைக்குப் பாய்ந்தார். பூட்டுப் பிறவி பயந்தால் கதவைத் திறக்காது. கதவையே கழற்றி எறியும். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரேயடியாக அவிழ்த்துவிடப் போனார். பக்கத்து நாற்காலிப் பெண் விசைப்பலகையை வெடுக்கென்று இழுத்தாள்.

"அண்ணே! கேன்டீன்ல உக்காந்துக்கிட்டே எவனாச்சும் இதை மாத்தி வச்சா, பொருந்தாத பையையும் பொருந்தும்னு காட்டுமே!"

"பின்னே என்னதான் செய்யச் சொல்ற?"

"எல்லாரும் படிக்கட்டும். பொறுப்புல இருக்கிறவங்க மட்டும் திருத்தட்டும். இதுக்கு ஞானோதயமா வேணும்?"

அவளே அப்படி மாற்றிக் கட்டி அனுப்பினாள். திறந்தது. சரியான பை போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா பிழைத்தார்.

"உனக்குப் படிக்க அனுமதி இல்லை" என்று காலங்காலமாகச் சொல்லி வந்தவர்கள் எல்லாருமே அதற்குப் பாதுகாப்பு என்றுதான் பெயர் வைத்தார்கள். காப்பாற்றியது எதை? தங்கள் நாற்காலியை.

அண்ணன் திருந்தினாரா? திருந்தினார். 'இனி எல்லாரும் படிக்கும்படியே கட்ட வேண்டும்' என்று அன்று மாலையே ஒரு விதி எழுதி வைத்தார். அந்தக் கோப்பு அவருக்கு மட்டும்தான் திறக்கிறது.

சிரிக்கிறீர்களா? இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா? "எனக்குத் தெரியுமே!" என்று வாய் முந்துகிறதா?

வாங்க, அண்ணே.