சைரன் அக்கா வெந்நீரில் இறங்கிய நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒலிபெருக்கியை வாடகைக்கு விட்டு நொடித்துப்போனவர் யாராவது இருந்தால், அவர் சாபம் விடவேண்டிய ஆள் சைரன் அக்காதான். அவர் இருந்த வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்கும் மைக் தேவைப்பட்டதில்லை, சாவு வீட்டுக்கும் தேவைப்பட்டதில்லை.

பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் பேக்கிங் பகுதி ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அக்கா தொட்டிப் பகுதி. கை வடிவ அச்சுகள் சங்கிலியில் வரிசையாக வந்து ரப்பர் பாலில் முங்கி, பிறகு கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் காதில் விழாது. அக்கா பேசினால் மட்டும் கார் நிறுத்துமிடம் வரை கேட்கும்.

ஒருமுறை தீயணைப்புப் பயிற்சியன்று கம்பெனி சைரன் ஊதவில்லை. பொம்பாக்காரர்கள் தீயணைப்பு வண்டியோடு வந்து நிற்கிறார்கள். சூப்பர்வைசர் கையைப் பிசைந்துகொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா வாசலுக்குப் போய், முந்தானையைச் செருகுவதுபோல யூனிபார்ம் சட்டையை இழுத்துவிட்டு, "செமுவா கெலுவார்!" என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் வெளியே ஓடி வந்தோம். தலை எண்ணிய சூப்பர்வைசர் குழம்பிப்போனார். எண்ணிக்கை கூடுதலாக வந்தது. சாலைக்கு எதிர்ப்புறமிருந்த பலகைத் தொழிற்சாலைக்காரர்களும் ஓடி வந்து எங்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. தெரியாது என்பது அவருக்கே தெரியாது. கேன்டீனில் ஒருநாள் என் காதருகே குனிந்து, "கொசு, யார்கிட்டயும் சொல்லிறாத. நம்ம லைன் லீடர் வேற கம்பெனிக்கு ஓடப் போறா லா" என்றார். (கம்பெனிப் பெண்களிலேயே என் குரல் மெலிசு. அதனால் எனக்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தார்.) கடைசி மேசையிலிருந்து அந்த லைன் லீடர் எழுந்து, "அக்கா, நான் இன்னும் முடிவே பண்ணல!" என்றாள்.

"ஏன்க்கா இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "வீட்டுல கத்திக் கத்திப் பழகிப்போச்சு லா."

வீட்டில் இருந்தவர் அவர் கணவர், குவாரி அண்ணன். இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் விற்கப்பட்ட பிறகு அண்ணன் ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலை உடைக்கிற வேலைக்குப் போனார். வெடிச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. யார் பேசினாலும் கேட்காது. அக்காவின் குரல் மட்டும்தான் உள்ளே போகும் என்று எல்லோரும் சொல்வோம். அக்காவுக்கு அதில் பெருமை. பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த ஒரு குரல்தான் அண்ணனுக்கு உலகம் என்று அவர் நினைத்திருந்தார்.

வருடா வருடம் கம்பெனியில் சுற்றுலா பேச்சு வரும்போது யாராவது ஒருவர், "ஆயர் பானாஸ் போலாமா?" என்பார். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பணம் கட்டி வந்து மிதக்கிறார்கள். அக்கா உடனே எழுந்து நிற்பார்.

"நாள் பூராவும் ஆவியில நின்னு வேகுறேன். லீவு அன்னிக்கும் வேகணுமா? நான் என்ன புட்டா?"

அத்தோடு பேச்சு முடியும். கடற்கரைக்குப் போவோம்.

ஒரு வருடம் அக்காவின் குரல் கரகரத்தது. கத்திக் கத்தித்தான் இப்படி என்று சிரித்தோம். மல்லித்தண்ணி, பனங்கற்கண்டு, சீன மருந்து எல்லாம் குடித்தார். சரியாகவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். மூன்றாவது முறை போய்விட்டுத் திரும்பும்போது, "கொசு, கண்ணாடிய ஏத்து" என்றார். ஏற்றினேன்.

"தொண்டையில கட்டி. நல்ல கட்டி இல்ல. கொரல்பெட்டிய எடுத்துறணுமாம். கழுத்துல ஓட்ட போட்டு, அதுலதான் மூச்சு விடணுமாம். இனிமே பேச்சு கெடையாது."

சிவப்பு விளக்கில் எங்கள் பக்கத்தில் நின்றிருந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். தமிழர். கண்ணாடி ஏற்றியும் பயனில்லை. அவர் தலையை ஒரு மாதிரி அசைத்துவிட்டு, பச்சை விளக்கு வந்ததும் மெதுவாகப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பின்னால் ஹாரன் அடிக்கும்வரை வண்டியை எடுக்கவும் மறந்துபோனது.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படி லா சொல்றது?"

அதுதான் சிக்கல். அவர்கள் வீடு, தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. நடுச்சுவர் அட்டை மாதிரி. அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னால் இருபுறமும் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கும். "அப்புறம் ஒவ்வொருத்தியும் பிஸ்கட் டின்னத் தூக்கிட்டு வந்து, என் கழுத்தையே பாத்துக்கிட்டு உக்காருவாளுங்க. என்னால முடியாது."

"எழுதிக் காட்டலாமே அக்கா?"

"அவரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்போட நின்னுட்டாரு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள எனக்கு ஒப்பரேசனே முடிஞ்சிரும்." சற்று நிறுத்தி, "நானும் அதே வகுப்போடதான் நின்னேன்" என்றார்.

வண்டி ஊருக்குள் நுழையும்போது அவரே சொன்னார். "அந்த ஆயர் பானாஸுக்குப் போலாமா? டாக்டரு சொன்னாரு, கழுத்துல ஓட்ட போட்டப்புறம் குளத்துல, ஆத்துல எறங்கவே கூடாதாம். இப்ப விட்டா இல்ல. அவரையும் கூட்டிட்டுப் போவோம். வேல நாள்ல போனா கூட்டம் இருக்காது. அங்க வச்சுச் சொல்லிர்றேன்."

நான் லீவு போட்டேன். மூவரும் கிளம்பினோம்.

டிக்கெட் கொடுத்த மலாய்ப் பெண், அக்காவின் பூப்போட்ட பாத்திக் கைலியைப் பார்த்து, கைலியோடு இறங்கக் கூடாது என்றாள். அக்கா கவுண்டரிலேயே கைலியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கம்பெனி விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த ஆரஞ்சு நிறக் கால்சட்டை! அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணன் முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பத்திரப் பதிவுக்கு வந்தவர்போல நின்றார்.

குளத்தைச் சுற்றி சுண்ணாம்பு மலை. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து மலையின் பாதியை மறைத்திருந்தது. கூட்டமே இல்லை. ஒரு வயதான சீனத் தம்பதி மட்டும் கழுத்தளவு தண்ணீரில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கரையில் நின்று கட்டைவிரலை மட்டும் நனைத்தார்.

"அய்யோ!"

குரல் பாதியாகிவிட்டது என்றாலும் அது சைரனின் பாதி. காவலுக்கு இருந்த பையன் விசிலை ஊதிக்கொண்டு மிதவையோடு ஓடி வந்தான். சீனத் தாத்தா எழுந்தே விட்டார். "ஆன்ட்டி, ஓகே கா?"

"ஓகே லா! பானாஸ் லா!"

"வெந்நீர் ஊற்று சூடாகத்தான் இருக்கும் ஆன்ட்டி" என்று அவன் மலாயில் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு அங்குலம் அங்குலமாக இறங்கினார். இடுப்பு வரை போனதும் பேச்சு நின்றது. தோள் வரை போனதும் கண் மூடியது. நான் அவரை அத்தனை நேரம் பேசாமல் பார்த்ததே இல்லை. "கொசு," என்றார் கடைசியில், "தொட்டித் தண்ணி வேற, இது வேற. இது யாருக்காகவும் கொதிக்கல பாரு."

அண்ணன் எதிரே அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை தண்ணீரில் பலூன்போல உப்பியிருந்தது. நான் நகர்ந்து போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க!" என்றார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குத் தொண்டையில கேன்சர்! கொரல எடுக்கப் போறாங்க! இனிமே நான் பேசுனா ஒங்களுக்குக் கேக்காது!"

மலை அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. காவல்காரப் பையன் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணன் முகத்தில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டார். அவர் பேசினால் மிகவும் மெதுவாகத்தான் பேசுவார். குனிந்துதான் கேட்கவேண்டும்.

"எனக்குக் காது சுத்தமாப் போயி ரொம்ப வருசம் ஆச்சு புள்ள" என்றார்.

"என்னது?"

"ஒன் கொரலும் கேக்காது. மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குறேன். ஒன் மூஞ்சி மட்டும் எனக்குப் புரியும்."

அக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். "அதான் அடுப்படியில இருந்து கத்துனா வரவே மாட்டீங்களா? சோம்பேறின்னு நெனச்சேனே! ஊரே கூடுற மாதிரி கத்தினேனே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா மெதுவாப் பேச ஆரம்பிச்சிருவ. கத்துறப்பதான் வாயி நல்லாத் தொறக்கும். பாக்கச் சுலபம்." அண்ணன் தண்ணீருக்குள்ளேயே நகர்ந்து பக்கத்தில் வந்தார். "கொரல எடுத்துக்கட்டும். வாய விட்டுருவாங்கல்ல?"

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அழுகை புகுந்தது. ஆவியில் எது கண்ணீர், எது வியர்வை என்று தெரியாமல் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தமிழ் தெரியாத அந்தச் சீனப் பாட்டி கரையேறிப் போய், ஊற்றில் அவித்த முட்டை ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை உரித்து, பாதியை அண்ணனுக்கு ஊட்டினார்.

ஒப்பரேசன் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு சின்னத் துணியைக் கட்டிக்கொண்டார். வரிசை வீடுகளில் பலர் காலை ஷிப்டுக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தார்கள். அவர்களை எழுப்பிக்கொண்டிருந்தது எது என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. பிஸ்கட் டின்கள் வந்தன. அக்கா வாயை மட்டும் அசைத்து எல்லோரையும் திட்டுவார். எங்களுக்கு ஒன்றும் புரியாது. அண்ணன் மட்டும் மூலையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். திட்டு யாருக்கு என்று அவருக்குத்தான் தெரியும். அந்தச் சில மாதங்கள் அவர்கள் இருவரும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே இருந்தார்கள்.

கட்டி திரும்ப வந்தது. இந்த முறை எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். தீபாவளிக்கு முன்பே அக்கா போய்விட்டார்.

சாவு வீட்டில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அதைப் பிடுங்கி எறியவேண்டும்போல் இருந்தது.

போன மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். யார் வந்தாலும் அவர் இப்போது நிமிர்வதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாங்கிப்போன சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து உட்கார்ந்தவர், தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏம்மா, அவ கொரலு கடைசிக் காலத்துல எப்படி இருந்துச்சு? நான் கேட்ட கொரலு சின்ன வயசுக் கொரலு. அப்புறம் மாறிப்போயிருக்கும்ல?"

நான் தலையசைத்தால் போதாது. எழுதினால் படிக்கமாட்டார். எழுந்து போய் அவர் எதிரே மண்டியிட்டு, மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினேன். வாழ்நாளில் சத்தமாகப் பேசியறியாத நான், வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து கத்தினேன்.

"நல்லா இருந்துச்சுண்ணே! ரொம்ப நல்லா இருந்துச்சு!"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. நான் இன்னும் பெரிதாகக் கத்திச் சொன்னேன்.